கருமுட்டைக்குப் பஞ்சாங்கம் தெரியுமா?

பிள்ளையில்லாக் குறைக்கு நம் நாட்டில் சொல்லப்படுகின்ற பரிகாரங்கள் கொஞ்சநஞ்சமல்ல. அரசமரத்தைச் சுற்றுவது, மரக்கிளையில் தொட்டில் கட்டுவது, பாம்புக் கல்லுக்குப் பால் ஊற்றுவது, தரையில் சோற்றைப் போட்டு மண்சோறு தின்பது, ராமேஸ்வரம் போய் முழுகுவது என்று இப்படி எத்தனையோ உண்டு. இவற்றைச் செய்து பிள்ளை பெற்றவர்கள் எத்தனை பேர், செய்தும் பெறாதவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கோவில் கணக்குப்பிள்ளையாவது இதுவரை கணக்கெழுதி வைத்ததாகக் காணோம். பெற்றவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து மொட்டையடித்துக் காணிக்கை செலுத்துகின்றாள். பெறாதவள் வீட்டிலிருந்து அழுகின்றாள். காணிக்கை செலுத்தினவள் கண்ணுக்குத் தெரிகின்றாளே யொழிய, அழுகின்றவள் யாருடைய கண்ணுக்கும் தெரிவதில்லை. சாமிக்குப் பெயர் வந்ததெல்லாம் இந்த ஒருதலைக் கணக்கினால்தான்.

“அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்” என்று பழமொழி சொன்னவர்களும் நம் ஜனங்கள்தான். சுற்றுகிறவர்களும் நம் ஜனங்கள்தான். பழமொழி சொல்லும்போது இருக்கின்ற புத்தி காரியத்தில் ஏன் இல்லாமல் போகின்றது என்பதுதான் நாம் கேட்கும் கேள்வி.

நிற்க. இந்த வியாசம் எழுத நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகின்றோம். நாம் இருப்பது செங்கோட்டை. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த ஊர். இப்போது தென்காசி ஜில்லாவில் இருக்கின்றது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் நம் தெருவில் காற்று வீசும். இந்த ஊரில் நமக்குத் தெரிந்த ஒரு அம்மாள் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆனவர். பண்பொழி திருமலைப் படியும் ஏறியாயிற்று, ராமேஸ்வரமும் போயாயிற்று, ஜோசியரிடம் கொடுத்ததும் கொஞ்சமில்லை. கடைசியாக, கையில் காதில் இருந்ததை விற்று, வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சைக்குப் போனார்கள். அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கு வேண்டியதில்லை.

பத்து நாள் ஊசி போட்டார்கள். ஸ்கான் எடுத்துப் பார்த்து, “முட்டைகள் நன்றாக வளர்ந்திருக்கின்றன, இன்றிரவு 10 மணிக்குக் கடைசி ஊசி போட்டுக்கொள்ளுங்கள், நாளை மறுநாள் காலை 9 மணிக்கு முட்டை எடுக்க வாருங்கள்” என்று சொல்லி ஒரு சீட்டும் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். சீட்டு இங்கிலீஷில் இருந்தது. வீட்டில் பெரியவர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்கள். அன்று இரவு அஷ்டமி பிறந்துவிடுகின்றதாம். “பிள்ளைக்காகப் போடுகிற ஊசியை அஷ்டமியிலா போடுவது? சாயங்காலம் 5 மணிக்கே போட்டுவிடலாம்; நாலைந்து மணி நேரத்தில் என்ன குடி முழுகிவிடும்?” என்றார்கள். ஊசி போட வந்தவரும் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்கு யாரும் சொல்லவில்லை.

குடிதான் முழுகிற்று. மறுநாள் கழித்து 9 மணிக்கு டாக்டர் பார்த்தபோது முட்டைப் பைகள் பெரும்பாலும் உடைந்து காலியாய்க் கிடந்தன. கிடைத்தது இரண்டே முட்டை. அதில் ஒன்று கருவாகவில்லை. மற்றொன்று கருவாகி மூன்றாம் நாள் நின்றுவிட்டது. ஒன்றரை லட்சம் ரூபாயும் ஒரு வருஷத்து நம்பிக்கையும் போயின. வீட்டார் என்ன சொன்னார்கள் தெரியுமா? “நாம் நல்ல நேரம் பார்த்துத்தான் செய்தோம், அவள் தலையெழுத்து அப்படி” என்றார்கள். பஞ்சாங்கம் செய்த கொலைக்குப் பழி அந்தப் பெண்ணின் தலைமேல் விழுந்தது.

ஐந்து மணி நேரத்தில் அப்படி என்ன ஆகிவிட்டது என்று வாசகர்கள் கேட்கலாம். அதைத்தான் விளக்கமாய்ச் சொல்லவேண்டியிருக்கின்றது.

ஒரு பெண் குழந்தை தாயின் வயிற்றில் ஐந்து மாதமாய் இருக்கும்போதே அதன் சினைப்பைகளில் அறுபது எழுபது லட்சம் முட்டைகள் உண்டாகிவிடுகின்றன. பிறக்கும்போது பத்திலிருந்து இருபது லட்சம்தான் மிச்சம். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். இவற்றில் ஆயுள் முழுவதிலும் பழுத்து வெளிவருவது சுமார் நானூறு, ஐந்நூறுதான். மற்றவையெல்லாம் தாமாகவே அழிந்துபோகின்றன. இதில் கவனிக்கவேண்டிய சங்கதி என்னவென்றால், இந்த முட்டைகளெல்லாம் பிறப்பதற்கு முன்னமே தங்கள் பிளவு வேலையை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்குகின்றன. பதினைந்து வருஷமோ, முப்பது வருஷமோ, நாற்பது வருஷமோ அப்படியே தூங்கும்.

மாதாமாதம் தலையிலுள்ள சுரப்பியிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் சில முட்டைப் பைகளை வளர்க்கின்றது. பை சுமார் 18, 20 மில்லிமீட்டர் ஆனதும் அதே சுரப்பியிலிருந்து இன்னொரு ஹார்மோன் வெள்ளம்போல் வருகின்றது. அதுதான் முட்டையை எழுப்புகின்ற மணி. மணி அடித்ததும் முட்டை தன்னிடமுள்ள 46 குரோமோசோம்களில் பாதியை ஒரு சிறு பொட்டலமாய்க் கட்டி வெளியே தள்ளிவிட்டு 23ஐ வைத்துக்கொள்ளுகின்றது. இந்தப் பொட்டலம் வெளியே வந்தால்தான் முட்டை பழுத்தது என்று அர்த்தம். பழுத்த முட்டைதான் ஆணின் விந்தணுவை ஏற்றுக் கருவாக முடியும். மணி அடித்ததிலிருந்து முட்டை பழுத்துப் பையை உடைத்துக்கொண்டு வெளிவருவதற்குச் சுமார் ஒன்றரை நாள் ஆகின்றது.

சிகிச்சையில் கடைசியாய்ப் போடும் ஊசிதான் அந்த மணி. அதைப் போட்டு 34 முதல் 36 மணி நேரத்தில், அதாவது முட்டை பழுத்தும் பை உடையாமலும் இருக்கின்ற அந்தச் சிறிய இடைவெளியில், முட்டையை எடுக்கவேண்டும். இரவு 10 மணிக்குப் போட்டு மறுநாள் கழித்துக் காலை 9 மணிக்கு எடுத்தால் 35 மணி நேரம். சாயங்காலம் 5 மணிக்குப் போட்டுவிட்டு அதே 9 மணிக்கு எடுக்கப்போனால் 40 மணி நேரம். அதற்குள் பை உடைந்து முட்டை போன இடம் தெரியாது. மிகவும் முன்னால் எடுத்தாலோ முட்டை காயாகவே இருக்கும். இவ்வளவுதான் விஷயம். இதில் அஷ்டமிக்கு என்ன வேலை, நவமிக்கு என்ன வேலை? முட்டைக்குத் தெரிந்தது மணிக்கணக்கு ஒன்றுதான். அதற்குப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியாது.

நம் செங்கோட்டை ஸ்டேஷனிலிருந்து சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் போகின்றது. ராகுகாலம் பார்க்கின்றவர், சூலம் பார்க்கின்றவர், பூனை குறுக்கே போனால் திரும்புகின்றவர் எல்லோரும் அதில் ஏறிப் போகின்றார்கள். எந்தக் கனவானாவது கார்டிடம் போய், “அஷ்டமி கழியட்டும், வண்டியை நிறுத்து” என்று கேட்டதுண்டா? கேட்டால் வண்டி போய்விடும் என்பது தெரியும். ரயிலுக்குக் கொடுக்கின்ற மரியாதையைக் கூட ஒரு பெண்ணின் உடம்புக்குக் கொடுக்கக் கூடாதா என்று கேட்கின்றோம்.

இனி, பழுப்பது என்றால் என்ன என்பதை இன்னும் கொஞ்சம் பார்ப்போம். நம் பக்கத்துத் தோப்புகளில் மாங்காய் பறிப்பவரைக் கேட்டால் தெரியும். விளைந்த காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுக்கும். பிஞ்சைப் பறித்து வைத்தால் தோல் மஞ்சளாகலாம், உள்ளே வெம்பியிருக்கும். வெளியே பழம், உள்ளே புளிப்பு. கருமுட்டையின் கதையும் ஏறக்குறைய இதுவேதான்.

1935ல் பின்கஸ், என்ஸ்மான் என்ற இருவர் முயலின் முட்டையைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தால் அது தானாகவே தூக்கம் கலைந்து பழுக்க ஆரம்பிக்கின்றது என்று கண்டார்கள். 1944ல் அமெரிக்காவில் ஜான் ராக் என்ற டாக்டரும் மிரியம் மென்கின் என்ற ஸ்திரீயும் மனித முட்டையை உடலுக்கு வெளியே கருவாக்கிக் காட்டினார்கள். 1965ல் இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ் மனித முட்டை வெளியில் பழுக்க ஏறக்குறைய ஒன்றரை நாள் பிடிக்கின்றது என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கே இன்று உலகமெங்கும் முட்டை எடுக்கும் நேரத்துக்கு அஸ்திவாரம். பிறகு 1978 ஜூலை 25ந் தேதி லூயிஸ் பிரவுன் பிறந்தாள். எட்வர்ட்ஸுக்கு 2010ல் நோபல் பரிசு கிடைத்தது. அவரோடு உழைத்து, கரு பிளவுபடுவதை நுண்பெருக்கியில் காத்திருந்து பார்த்த ஜீன் பர்டி என்ற பெண்மணியின் பெயர் வெகுகாலம் வெளியே வராமலேயே இருந்தது. விஞ்ஞானத்திலும் பெண்ணின் உழைப்பு மறைக்கப்படுகின்றது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

ஆனால் வெளியே வைத்தால் தானாகப் பழுக்கின்றதே, அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்டால், இங்கேதான் வெம்பல் வருகின்றது. முட்டைக்கு உட்கரு வேறு, அதைச் சுற்றியுள்ள சத்து வேறு. உட்கரு சீக்கிரம் பழுத்துவிடும். சுற்றியுள்ள சத்துச் சேருவதற்கு நேரம் வேண்டும். கரு உண்டாகி முதல் மூன்று நாள் வரையில் அது பெரும்பாலும் தாயின் முட்டை சேர்த்து வைத்த கையிருப்பில்தான் வாழ்கின்றது. தகப்பன் கொடுப்பது குரோமோசோம். கூடத்தில் நெல் சேர்த்து வைத்திருப்பவள் தாய். கையிருப்பில்லாத முட்டை, உட்கரு பழுத்திருந்தாலும், கருவாகிப் பாதியில் நின்றுபோகும். ஆகவே கருவின் தரம் என்பது கருவானபின் வருவதல்ல; முட்டை பழுக்கும் போதே பாதிக்குமேல் தீர்மானமாகிவிடுகின்றது.

இதையறிந்த விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? பூஜை போடவில்லை. முட்டையைச் சுற்றியிருக்கும் சிறு அணுக்கள்தான் அதைத் தூங்க வைக்கின்றன என்று கண்டு, அதே காரியத்தைச் செய்யும் ஒரு பொருளைக் கண்ணாடித் தட்டிலும் சேர்த்து, முட்டையை ஒரு நாள் தூங்கவைத்துச் சத்துச் சேரவிட்டு, அதன் பின் பழுக்கவிட்டார்கள். வெளியில் பழுக்க வைத்த முட்டையிலிருந்து முதல் குழந்தை கொரியாவில் பிறந்த செய்தி 1991ல் வெளியாயிற்று. வியட்நாமில் 546 ஸ்திரீகளை இரண்டு வகுப்பாய்ப் பிரித்து, ஒரு வகுப்புக்கு இந்த முறையும் மறு வகுப்புக்கு வழக்கமான முறையும் செய்து பார்த்த முடிவு 2020ல் வெளிவந்தது. முதல் தடவை கருவை வைத்ததில் புது முறையில் நூற்றுக்கு 35 பேரும், பழைய முறையில் நூற்றுக்கு 43 பேரும் பிள்ளை பெற்றார்கள். பலன் கொஞ்சம் குறைவுதான். ஆனால் சினைப்பையில் நீர்க்கட்டிகள் போன்ற பைகள் அதிகமுள்ள பெண்களுக்கு, அதிக ஊசியினால் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து இதில் இல்லை. புற்றுநோய்க்கு வைத்தியம் தொடங்கும் முன் அவசரமாய் முட்டை எடுத்து வைக்க வேண்டிய பெண்களுக்கும் இது உதவும்.

கவனியுங்கள். 35 என்றும் 43 என்றும் தோல்வியையும் சேர்த்துக் கணக்குச் சொல்லுகின்றவன் விஞ்ஞானி. நூற்றுக்கு நூறு என்று சொல்லிவிட்டுத் தோற்றால் விதி என்பவன் ஜோசியன். இருவருக்குமுள்ள வித்தியாசம் இதுதான்.

மேலும், முட்டையும் கருவும் எப்படிப்பட்ட இடத்தை வேண்டுகின்றன என்பதையும் பார்ப்போம். உடம்பின் சூடான 37 டிகிரியில் அவை இருக்கவேண்டும். அறைச் சூட்டில் சில நிமிஷம் விட்டாலே, முட்டைக்குள் குரோமோசோம்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் நூல்கள் குலைந்துபோகும். திரும்பச் சூடு காட்டினாலும் முன்போல் சேரும் என்று நிச்சயமில்லை. நாம் மூச்சுவிடும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 20க்கு மேல். கருவுக்கு 5 இருப்பதே நல்லது. காற்றில் மிதக்கும் வாசனைப் பொருள்களும் புகையும் கருவுக்கு ஆகா. அதனால்தான் இந்த வேலை நடக்கும் அறைக்குள் சென்ட் பூசிக்கொண்டு போகக்கூடாது என்று விதி வைத்திருக்கின்றார்கள். அப்படியிருக்க ஊதுவத்தியும், சாம்பிராணியும், கற்பூரமும் அந்த வாசலில் கொளுத்தினால் என்ன ஆகும்? எந்தப் பிள்ளைக்காகப் பூஜை செய்கிறார்களோ அந்தப் பிள்ளைக்கே புகை போடுவதாய் முடியும்.

நிற்க, இதையெல்லாம் கேட்டவுடன் நம் வைதீகர்கள், “இதென்ன புதிது? எங்கள் பாரதத்திலேயே காந்தாரி நூறு பிள்ளைகளைக் குடத்தில் வளர்த்தாளே” என்று சொல்லக் கிளம்பிவிடுவார்கள். தெருவில் பேசுகின்றவர்கள் மாத்திரமல்ல. 2019 ஜனவரியில் ஜலந்தரில் கூடிய இந்திய விஞ்ஞான மகாநாட்டு மேடையிலேயே, ஆந்திரா சர்வகலாசாலையின் அப்போதைய துணைவேந்தர் கௌரவர்கள் சோதனைக்குழாய் முறையில் பிறந்தவர்கள் என்று பேசினார். நாம் கேட்பதெல்லாம் இதுதான். அந்தக் குடத்தின் சூடு எத்தனை டிகிரி? முட்டையை எப்படி எடுத்தார்கள்? எத்தனையாவது மணியில் எடுத்தார்கள்? நூறு குடம் வைத்த நாட்டில், அதற்குப்பின் ஒரு குடமாவது ஏன் வைக்க முடியாமல் போயிற்று?

உண்மையிலேயே இந்த நாட்டில் அதைச் செய்து காட்டின மனிதரை நாம் என்ன செய்தோம் என்பதைச் சொன்னால் வெட்கக்கேடு. கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் என்று ஒரு டாக்டர். லூயிஸ் பிரவுன் பிறந்த எழுபதாம் நாள், 1978 அக்டோபர் 3ந் தேதி, அவர் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இங்கிலாந்துக்காரர்கள் அந்தத் தடவை இயற்கையாய்ப் பழுத்த ஒரே முட்டையை நம்பியிருந்தார்கள். இவரோ ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளைப் பழுக்க வைத்து, வயிற்றைக் கிழிக்காமல் பிறப்புறுப்பின் வழியாக அவற்றை எடுத்து, உண்டான கருவை 53 நாள் குளிரில் உறைய வைத்து, பிறகு தாயின் வயிற்றில் வைத்தார். ஊசி போட்டுப் பல முட்டை பழுக்க வைப்பதும், கீழ்வழியாய் எடுப்பதும், கருவை உறைய வைப்பதும்தான் இன்று உலகத்திலுள்ள அத்தனை ஆஸ்பத்திரிகளும் செய்கின்ற காரியம்.

அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு என்ன? மேற்கு வங்க சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. அதன் தலைவர் ரேடியோ பௌதிகப் பேராசிரியர். கருவைப் பற்றிய விஷயத்தை ரேடியோக்காரர் தலைமையில் விசாரித்து, நம்பத்தக்கதல்ல என்று தள்ளிவிட்டார்கள். ஜப்பானில் போய்ப் பேச வந்த அழைப்புக்கு அனுமதி கொடுக்கவில்லை. 1981ல் கண் வைத்தியத்தைச் சேர்ந்த ஸ்தாபனத்துக்கு மாற்றினார்கள். அந்த வருஷம் ஜூன் 19ந் தேதி அவர் தற்கொலை செய்துகொண்டார். அந்த சர்க்கார் சமதர்மம் பேசின சர்க்கார் என்பதையும் மறக்கக்கூடாது. 1986ல் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று பெயர் வாங்கிற்று. அதற்குக் காரணமாயிருந்த விஞ்ஞானி ஆனந்த்குமார் அவர்களே பின்னால் முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, “முதலில் செய்தவர் அவர்தான்” என்று 1997ல் வெளிப்படையாய் ஒப்புக்கொண்டார். தன் பெயருக்கு வரும் பெருமையைத் தானே எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்த அந்த யோக்கியதையைப் பாராட்டுகின்றோம். ஆனால் செத்தவர் வரவில்லை. கல்கத்தாக் குழந்தையின் செல்லப்பெயர் துர்க்கா. வேலை செய்தவர் டாக்டர். பெயர் தட்டிக்கொண்டு போனது சாமி!

காந்தாரியின் குடத்தை நம்புவதற்கு ஒரு கமிட்டியும் வேண்டியிருக்கவில்லை. கண்முன்னே பிறந்த பிள்ளையை நம்புவதற்குத்தான் கமிட்டி வேண்டியிருந்தது. இதைவிட நம் நாட்டின் புத்திக்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஆண் பெண் சேர்க்கையில்லாமலேயே பிள்ளை உண்டாகும் காலம் வரும் என்று 1940களிலேயே பெரியார் ‘இனிவரும் உலகம்’ என்பதில் சொன்னார். அது ஞானதிருஷ்டியல்ல, உலகத்தில் நடக்கும் ஆராய்ச்சியைக் கவனித்து, அது எங்கே போய் முடியும் என்று யோசித்த யோசனைதான். அந்த யோசனை எல்லோருக்கும் வரக்கூடியதே.

இனி மற்றொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் நியாயம் பேசினவர்களாக மாட்டோம். பழைய புரோகிதனை விட்டு ஓடிவந்து புதிய புரோகிதன் காலில் விழுவது பகுத்தறிவாகாது. பெரிய ஊர்களில் இப்போது பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி விளம்பரங்கள் சினிமா விளம்பரங்களோடு போட்டி போடுகின்றன. “இருபது முட்டை எடுத்தோம்” என்று பெருமை பேசுகின்றார்கள். எடுத்த முட்டையெல்லாம் பழுத்த முட்டையல்ல. ஐந்தில் ஒன்று பழுக்காமலிருப்பது சகஜம். பழுத்ததெல்லாம் கருவாவதில்லை. கருவானதெல்லாம் ஐந்தாம் நாள் வரை வளருவதில்லை. வளர்ந்ததெல்லாம் பிள்ளையாவதில்லை. முப்பத்தைந்து வயதுக்குமேல் முட்டையின் குரோமோசோமில் பிழை ஏறிக்கொண்டே போகின்றது. அதை எந்த ஊசியும் திருப்பிவிடாது. ஆகவே “எத்தனை முட்டை?” என்று கேட்காதீர்கள். “எத்தனை பழுத்தது? எத்தனை கருவாயிற்று? எங்கள் வயதுக்காரர்களில் உயிரோடு பிள்ளை பெற்றவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்?” என்று கேளுங்கள். சோதனையில் கர்ப்பம் என்று தெரிவது வேறு, பிள்ளை கைக்கு வருவது வேறு. முதல் கணக்கைச் சொல்லி இரண்டாவதை மறைக்கின்றவர்களிடம் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்.

மேலே சொன்ன அம்மாள் விஷயத்திலும் ஆஸ்பத்திரிக்காரரைக் குற்றமில்லாதவர் என்று நாம் விட்டுவிடவில்லை. ஒன்றரை லட்சம் வாங்கினவர்களுக்கு, “இந்த ஊசியின் மணி தவறினால் எல்லாம் பாழ், காரணம் இது” என்று தமிழில் ஐந்து நிமிஷம் சொல்ல முடியாதா? தமிழில் ஒரு சீட்டு எழுத முடியாதா? காரணம் தெரியாதவனுக்கு டாக்டர் சொன்ன நேரமும் ஜோசியன் சொன்ன நேரமும் ஒன்றுதான். இரண்டும் கட்டளை. தெரிந்த கட்டளைக்குத்தான் அவன் கீழ்ப்படிவான். அறிவை ஒளித்துவைத்து வியாபாரம் செய்தால் மூடநம்பிக்கை ஜெயிக்கத்தான் செய்யும்.

இந்த வியாபாரம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2022ல் ஈரோட்டில் வெளியான கொடுமையே போதும். பதினாறு வயதுப் பெண் ஒருத்தியைப் பெற்ற தாயே தரகர் மூலம், வயதைக் கூட்டிக் காட்டும் போலி அத்தாட்சியோடு, பல தடவை கருமுட்டை விற்க வைத்தாள். ஒரு வீட்டில் பிள்ளையில்லாத பெண் மலடி என்று வதைக்கப்படுகின்றாள். இன்னொரு வீட்டில் ஏழைப்பெண் முட்டைக்காக வதைக்கப்படுகின்றாள். இரண்டுக்கும் நடுவில் பணம் போகின்றது. 2021ம் வருஷத்துச் சட்டம் முட்டை கொடுப்பவளுக்கு 23க்குக் குறையாமலும் 35க்கு மேற்படாமலும் வயதிருக்க வேண்டும், ஆயுளில் ஒரே தடவைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்குமேல் எடுக்கக்கூடாது என்று சொல்லுகின்றது. சட்டம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கின்றது. அதை நடத்துவிக்க ஜனங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தால்தான் கேட்பார்கள்.

அன்றியும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. உலகத்தில் ஆறு பேரில் ஒருவருக்கு ஆயுளில் ஏதாவதொரு சமயம் பிள்ளைப்பேற்றில் தடை ஏற்படுகின்றது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023ல் சொல்லிற்று. இதில் ஏறக்குறைய பாதிக் கேஸ்களில் ஆணிடமும் குறையிருக்கின்றது. ஆனால் நம் ஊரில் அரசமரம் சுற்றுபவள் பெண், மண்சோறு தின்பவள் பெண், ஊசி குத்திக்கொள்பவள் பெண், மலடி என்று பேச்சுக் கேட்பவளும் பெண். ஆணுக்குச் செய்யவேண்டிய முதல் பரிசோதனை ஒரு சிறு கிண்ணத்தில் முடிந்துவிடும், கத்தியுமில்லை, ஊசியுமில்லை. அதற்குப் போக மானம் போகின்றது என்கின்றவன், இரண்டாங் கல்யாணம் செய்துகொள்ள மாத்திரம் மானம் பார்ப்பதில்லை. இது என்ன யோக்கியதை?

பிள்ளை வேண்டுமா என்பதே முதலில் பெண்ணைக் கேட்கவேண்டிய கேள்வி. புத் என்னும் நரகத்திலிருந்து தப்பப் புத்திரன் வேண்டுமென்று சொல்லிச் சொல்லியே அவளைப் பிள்ளை பெறும் யந்திரமாக்கி விட்டார்கள். வேண்டாமென்பவள் இல்லாமலிருக்கட்டும். வளர்க்க ஆசைப்படுகிறவர் தாய் தகப்பனில்லாத குழந்தையை எடுத்து வளர்க்கட்டும், அதுவும் பிள்ளைதான். தன் வயிற்றிலேயே வேண்டுமென்பவளுக்குச் சிகிச்சை கிடைக்கட்டும். அது நகை உள்ளவளுக்கு மாத்திரம் கிடைத்தால் போதாது. சென்னை எழும்பூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இதற்கு இடம் ஏற்பட்டிருக்கின்றது, நல்லதுதான். ஆனால் மலையடிவாரத்திலிருக்கும் கூலிக்காரப் பெண் பத்து நாள் ஊசிக்கு எழும்பூரில் போய்த் தங்க முடியுமா? திருநெல்வேலி ஜில்லாப் பக்கத்துக்கும் இம்மாதிரி ஒன்று சர்க்கார் செலவில் வேண்டும் என்று கேட்கின்றோம்.

அந்த அம்மாள் மறுபடியும் சிகிச்சைக்குப் போக நினைக்கின்றார். இம்முறை தாமே ஒரு காகிதத்தில் மணியை எழுதிச் சுவரில் ஒட்டப்போவதாகச் சொன்னார். பஞ்சாங்கம் தொங்கின ஆணியிலேயே ஒட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். பலிக்குமா என்றால் நாம் வாக்குறுதி கொடுக்கமாட்டோம். அவர் வயதுக்கு நூற்றுக்கு இத்தனை என்றுதான் விஞ்ஞானம் சொல்லும். ஆனால் இம்முறை தோற்றாலும் அது அஷ்டமியால் தோற்றதாயிராது. அவருடைய தலையெழுத்தினால் தோற்றதாகவும் இராது. காரணத்தைத் தேடி அடுத்தபடி என்ன என்று யோசிக்கலாம். காரணம் தேடுகின்றவனுக்குத்தான் அடுத்தபடி என்று ஒன்று உண்டு. விதி என்றவனுக்கு அங்கேயே கதை முடிந்தது.